இரண்டாமிடத்துக்காரர்

உயிரோடு இருப்பதற்கு அந்த நகரத்தில் இரண்டரை மதிப்பெண் விலை. கறார் விலை, பேரம் கிடையாது. பொறியாளர் அதைக் கொடுத்துவிட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

பொறியாளர் பாலங்களைச் சோதிப்பவர். பாலத்துக்கு அடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு, சின்னச் சுத்தியலால் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்டு, இது எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். சொந்த நாட்டில் பதினான்கு வருஷம் இதே பிழைப்பு. அவர் மூடச் சொன்ன பாலத்தைத் திறந்துவைக்க மந்திரி மாலையோடு வந்து, மாலையோடு திரும்பிப் போயிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வெளிநாடு வந்து, வேலை தேடும் அனுமதி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். அட்டையின் ஆயுள் அந்த மாதக் கடைசிவரை. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் மூவரும் மூட்டை கட்ட வேண்டும். ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டுத்தான் வந்திருந்தார்கள் என்பதால், கட்டிய மூட்டையை அவிழ்க்க எங்கேயும் இடம் கிடையாது.

அவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் பெரிய தொல்லை. வேண்டாம் என்றால் மனிதன் கோபித்துக்கொண்டு வேறு வழி பார்ப்பான். நகரப் பாலங்கள் வாரியம் அவரை ஐந்து முறை நேர்காணலுக்கு அழைத்தது. ஐந்து முறையும் இரண்டாம் இடம் கொடுத்தது. ஐந்து முறையும் கடிதம் எழுதியது. "தங்களைப் போன்ற ஒருவரை இழக்க நேர்ந்ததில் வாரியம் ஆழ்ந்த வருத்தம் அடைகிறது. தங்கள் கோப்பு எங்களிடம் என்றும் உயிரோடு இருக்கும்." படித்தால் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எழுதியது போலிருக்கும். பொறியாளர் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டார். நல்ல வளர்ப்பு.

வாரியத்தில் ஒரு விதி உண்டு. எந்த வேலைக்கும் நான்கு பேரை நேரில் பார்த்தாக வேண்டும். நான்கில் ஒருவர் ஏற்கெனவே முடிவானவர். இரண்டு பேர் நாற்காலி நிரப்ப வருகிறவர்கள். மிச்சம் இருப்பவர்தான் இரண்டாமிடத்துக்காரர். அவர் அசல் திறமைசாலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வந்தவர் யாரை ஜெயித்தார் என்று தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள். நல்ல இரண்டாமிடத்துக்காரர் கிடைப்பது அரிது. கிடைத்தால் வாரியம் விடுவதில்லை. அவருடைய கோப்பை அடுத்தடுத்த வேலைகளுக்குத் தானாகவே மாற்றிக்கொண்டே போகும்.

மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, வாரியத்தின் தானியங்கிக் கதவு பொறியாளருக்குத் திறப்பதை நிறுத்திக்கொண்டது. பின்னால் போய் முன்னால் வந்தார். கையை ஆட்டினார். உள்ளே நின்ற காவலாளி அவர் இருந்த திசையில் நன்றாகப் பார்த்தான். மழை வருமா என்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். நான்காவது கடிதத்துக்குப் பிறகு கழிப்பறைக் குழாய், கையை நீட்டினால் தண்ணீர் விடுவது, அவர் கைக்கு விட மறுத்தது. பக்கத்துக் குழாயில் கைகழுவி முடித்த ஒருவர் நகர்வதற்குள் இவர் விரலை நீட்டி நனைத்துக்கொண்டார்.

குடியிருந்த கட்டடத்தில் ஆள் நடமாட்டம் கண்டு எரியும் மாடிப்படி விளக்கும் ஒருநாள் எரியவில்லை. இருட்டில் தடவி ஏறிவந்தவரைப் பார்த்து மனைவி சிரித்தாள்.

"ஏங்க, லைட்டுக்குக்கூட உங்களை அடையாளம் தெரியலையா?"

"பழுது போல."

"நான் ஏறினப்ப எரிஞ்சுதே. குழந்தை ஏறினப்பவும் எரிஞ்சுது." இதைச் சொல்லி முடித்தபோது அவள் சிரிக்கவில்லை.

வாரியத்தின் ஆறாவது மாடிக் காத்திருப்பு அறையில்தான் மண் நிபுணரின் பழக்கம் ஏற்பட்டது. பாலம் கட்டுகிற இடத்து மண்ணைச் சோதித்துச் சொல்வது அவர் தொழில். பழுப்புக் கோட்டு, ஒல்லியான உடம்பு, மடியில் சான்றிதழ் உறை. வெளியே மழை அடித்த நாளிலும் கோட்டில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. அவர் உட்கார்ந்தால் நாற்காலி மெத்தை அமுங்காது. பொறியாளர் அதைப் பார்த்தார். ஒல்லியாயிற்றே என்று நினைத்துக்கொண்டார்.

"தனியா வந்தா கதவு திறக்காது தம்பி," என்றார் மண் நிபுணர், தொழில் ரகசியம் சொல்லும் குரலில். "அட்டை மாட்டினவங்க பின்னாலேயே ஒட்டிக்கிட்டு வந்துடணும். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கவனிச்சாத்தானே சொல்றதுக்கு?"

"நீங்க எத்தனை தடவை வந்திருக்கீங்க?"

"எண்ணறதை விட்டுட்டேன். நீங்க வர்ற வரைக்கும் இங்க நான்தான் இரண்டாவது. இப்ப மூணாவது ஆயிட்டேன்."

"அடடா. மன்னிச்சிருங்க."

"இதுல மன்னிக்க என்ன இருக்கு? நமக்குள்ளயே போட்டி போட வச்சுட்டு அவங்க உள்ள காபி குடிக்கறாங்க." பிறகு உறையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வேலை கிடைச்சாத்தான் போன் பண்ணுவேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்துட்டேன் தம்பி. அந்த வாயை மட்டும் விட்டிருக்கக் கூடாது."

அன்று பொறியாளருக்கு ஆறாவது நேர்காணல். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். மூவரும் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உள்ளூர் அனுபவம் இருக்கா?" என்றார் முதலாமவர்.

"உள்ளூர்ப் பாலம் எதையும் இன்னும் தட்டிப் பார்க்க விடலையே சார்."

"இருக்கா, இல்லையா?"

"இல்லை."

மூவரும் எழுதினார்கள்.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பார்க்கறீங்க?" என்றார் இரண்டாமவர்.

"மாசக் கடைசிக்கு அப்புறம் நான் எதையும் பார்க்கறதில்லை சார்."

அதையும் எழுதிக்கொண்டார்கள். மூன்றாமவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் வாரியத்தின் மேல் அவதூறு ஆகிவிடும்; கண்ணை மூடிக்கொண்டு பாரபட்சமின்றி இருந்தார்.

இரண்டு நாள் கழித்து மனிதவள மேலாளர் அம்மாள் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் ஒரு பிளாஸ்டிக் செடி, கண்ணைத் துடைக்கக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று. பெட்டி இவர் பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

"வாழ்த்துக்கள்! இந்தத் தடவையும் நீங்கதான் இரண்டாவது. தொடர்ந்து இப்படி ஒரே தரத்தைக் காப்பாத்தறது சாதாரண விஷயமில்லை."

"முதல்ல வந்தது யாரும்மா?"

"மண் நிபுணர். பெரியவர், கோட்டு போட்டவர்."

பொறியாளருக்கு வயிறு எரிந்தாலும் மனம் ஒரு மூலையில் குளிர்ந்தது. "நல்ல மனுஷன். பாவம், ரொம்ப வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தார்."

"ஆமா. அதுல நாலு வருஷம் இறந்த பிறகு."

சேர்ந்துபோன விடுப்புக் கணக்கைச் சொல்கிற மாதிரி சொன்னார். பொறியாளர் காதில் விழுந்ததைத் திரும்பத் தட்டிப் பார்த்தார். ஓசை சரியாக வரவில்லை.

"இறந்த பிறகா?"

"படிக்கட்டுல. லிஃப்ட் கதவு திறக்கலையாம், ஆறு மாடியும் ஏறியிருக்கார். நாங்க முதல்ல 'நேர்காணலுக்கு வரவில்லை'ன்னு போட்டுட்டோம். அப்புறம் விசாரிச்சா, கட்டடத்துக்குள்ளதான் இருந்திருக்கார். உடனே 'வந்தார்'னு திருத்திட்டோம். அந்த விஷயத்துல வாரியம் ரொம்ப நேர்மை."

"அவர் செத்துப்போனது தெரிஞ்சுமா வேலை கொடுத்தீங்க?"

மேலாளர் அம்மாளின் முகம் மாறியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடையேறிப் பழகியவர்.

"இங்க பாருங்க. பிறப்பையோ இறப்பையோ பார்த்து யாரையும் ஒதுக்கறது எங்க பழக்கமில்லை. தகுதிதான் பேசணும். உள்ளூர் அனுபவத்தையே எடுத்துக்குங்க. நாலு வருஷமா இந்த மண்ணுலயே இருக்கார். ஒருநாள் வெளியூர் போகலை. நேர்காணல்ல எப்படி இருந்தார் தெரியுமா? குறுக்கே பேசலை. சம்பளம் கேட்கலை. நாங்க பேசினதை முழுசாக் கேட்டுக்கிட்டார். உங்ககிட்ட என்ன பிரச்சினைன்னா, கொஞ்சம் அவசரம் தெரியுது."

"என் அனுமதி மாசக் கடைசியோட முடியுதும்மா. அவசரம் இல்லாம?"

"அதேதான் சொல்றேன். அவருக்கு அந்த அவசரம் இல்லை. இரண்டரை மார்க் வித்தியாசம் அங்கதான்."

"அவரை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"படத்துலதான். விண்ணப்பதாரர்களை நாங்க பார்க்கறதே இல்லை, கோப்பைத்தான் பார்ப்போம். முகத்தைப் பார்த்தா இரக்கம் வந்துடும், இரக்கம் வந்தா பாரபட்சம் வந்துடும்."

"அவர் வீட்டுக்காவது சொன்னீங்களா?"

"மாசாமாசம் கடிதம் போகுதே! கோப்பு உயிரோட இருக்குன்னு. அதுல பொய் ஒண்ணும் இல்லையே." காகிதப் பெட்டியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "அழணும்னா அழுங்க. அதுக்குத்தான் வச்சிருக்கோம்."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். அவள் மொத்த ஜவுளி வியாபாரி வீட்டுப் பெண். விலை கேட்டுவிட்டு எழுந்து போகும் வாடிக்கையாளனை வாசல் தாண்டாமல் திரும்ப உட்காரவைக்கும் குடும்பம்.

"பொணத்துக்கிட்ட தோத்துட்டு வந்து நிக்கறீங்களே! உசுரோட இருக்கறவன்கிட்ட தோத்தாலும் சொந்தக்காரங்ககிட்ட சொல்லிக்கலாம். இதை எங்க போய்ச் சொல்றது?"

"நல்ல மனுஷன் அவரு."

"நல்லவருதான், யாரு இல்லைன்னா? சாகற வரைக்கும் வேலை கொடுக்கலை, செத்ததும் கொடுத்துட்டாங்க. நீங்களும் அதே வரிசையிலதானே நிக்கறீங்க? அதான் லைட்டு எரியலை." குரல் உடைந்தது, உடைந்ததைக் காட்டாமல் சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டாள். "நாளைக்கு நானும் வரேன்."

மறுநாள் அவளுக்கு வாரியத்தின் கதவு திறந்தது. பொறியாளர் அவள் முதுகோடு ஒட்டி நுழைந்தார். மேலாளர் அம்மாள் முன் உட்கார்ந்த மனைவி வேலை கேட்கவில்லை. கேட்டு வாங்குவது அவள் வீட்டில் கிடையாது; எதிராளியே எடுத்து நீட்ட வேண்டும்.

"உங்க நியாயம் ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம். செத்தவங்களுக்கும் வாய்ப்பு கொடுக்கறீங்க. யாருக்கு வரும் இந்த மனசு?"

மேலாளர் அம்மாள் குளிர்ந்தார். "புரிஞ்சுக்கறவங்க குறைவும்மா."

"ஒரு சந்தேகம். வேலையில சேர்ந்தவருக்கு ஏதாவது குறை இருந்தா, அதை ஈடுகட்ட வாரியம் ஒரு உதவியாளரைக் கொடுக்கணும்னு விதி இருக்காமே? வாசல்ல பெருசா மாட்டியிருக்கீங்க."

"கண்டிப்பா. எங்களோட பெருமையே அதுதான்."

"உடம்பே இல்லாதது ஒரு குறைதானே மேடம்? நாளைக்கு யாராவது, செத்தவருக்கு வேலை மட்டும் கொடுத்தாங்க, வசதி பண்ணிக் கொடுக்கலைன்னு சொல்லிட்டா? எவ்வளவு பேர் கெடும்!"

மேலாளர் அம்மாள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். யாருக்கோ போன் செய்தார். இன்னொருவர் வந்து, அவரும் புரட்டினார். அரைமணியில் முடிவானது. பொறியாளருக்கு வேலை. பதவியின் பெயர்: உடல். மண் நிபுணர் பதவியில் இருக்கும்வரை அவருக்கு உடலாக இருந்து அவர் பணிகளைச் செய்ய வேண்டியது. மண் நிபுணர் பதவியைவிட்டு நீங்கினால் உடலும் அன்றே நீங்கியதாகக் கருதப்படும். அனுமதி அட்டையிலும் அப்படியே அச்சடித்துக் கொடுத்தார்கள்.

"எப்படி?" என்றாள் மனைவி படியிறங்கும்போது. அவளை அவர் அத்தனை அழகாகப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

கழுத்தில் மாட்டும் அட்டையில் மண் நிபுணரின் படம் இருந்தது. கீழே சின்ன எழுத்தில் 'உடல்' என்று இருந்தது. அதை மாட்டிக்கொண்டு போனதும் கதவு சட்டென்று திறந்து வழிவிட்டது. காவலாளி சல்யூட் அடித்தான். குழாய் கைமேல் கொட்டியது. கட்டடத்து விளக்கு அவர் முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே எரிந்தது.

பொறியாளர் பாலங்களின் அடியில் தொங்கினார். தட்டினார், கேட்டார், அறிக்கை எழுதினார். ஆற்றுப் பாலத்தின் மூன்றாவது தூணில் வெடிப்பு என்று அவர் எழுதியதற்கு, மண் நிபுணருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. சம்பளமும் அவர் நேரில் வந்து வாங்கும்வரை நிலுவையில் வைக்கப்பட்டது. உடலின் பராமரிப்புச் செலவு என்று ஒரு தொகை பொறியாளருக்கு வந்தது. அலுவலக அறையில் மண் நிபுணர் நாற்காலி நுனியில் கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பார்.

"உங்க உழைப்புல நான் பேர் வாங்கறேன் தம்பி. என்னமோ மாதிரி இருக்கு."

"இருக்கட்டும் அண்ணே. உங்களாலதான் குடும்பம் ஓடுது."

"ஒரே ஒரு உதவி பண்ணுங்க. நானே போன் பண்ணிப் பார்த்துட்டேன், என் குரல் அங்க போய்ச் சேரலை. நீங்க என் வீட்டுக்குப் பேசி, வேலை கிடைச்சிடுச்சுன்னு சொல்லிடுங்க. அதுக்காகத்தான் இத்தனை நாள் தங்கியிருக்கேன். அதைச் சொல்லிட்டா நான் பாட்டுக்குக் கிளம்பிடுவேன்."

பொறியாளர் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். அனுமதி அட்டை அங்கே இருந்தது.

"பண்ணிடலாம் அண்ணே," என்றார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னபோது அவள் தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"நிரந்தர அனுமதி கிடைக்க எத்தனை வருஷம் வேலை பார்க்கணும்?"

"அஞ்சு."

"அப்ப அஞ்சு வருஷம் கழிச்சுப் பேசுங்க." பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பொம்பளையும் என்னை மாதிரி ஒருத்திதான்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்ல வேண்டாம்," என்றாள்.

மண் நிபுணர் நச்சரிக்கிறவர் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை தொண்டையைக் கனைப்பார்.

"தம்பி, அந்த விஷயம்..."

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் அண்ணே. இப்ப கொஞ்சம் வேலை நெருக்கடி."

இன்னொரு வாரம்: "உங்க விஷயத்தை மறக்கலை. தக்க நேரத்துல சொல்றேன்."

இன்னொரு வாரம் பொறியாளர் வாயிலிருந்து, அவர் யோசிப்பதற்கு முன்பாகவே வந்து விழுந்தது: "உங்க கோரிக்கை எங்கிட்ட உயிரோடதான் இருக்கு."

மண் நிபுணர் மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் பொறியாளருக்குத் தெரியும். அவரே வாரியத்தின் கடிதங்களைப் படித்துவிட்டு ஐந்து முறை ஆட்டியது.

அன்றிலிருந்து பாலங்களில் அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. எதைத் தட்டினாலும் உள்ளே யாரோ தொண்டையைக் கனைப்பது போலிருந்தது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், கூடத்து நாற்காலியில் பழுப்புக் கோட்டு; மடியில் உறை; மெத்தை அமுங்காமல். ஒன்றும் கேட்காது. காத்திருக்கும். மனைவிக்குத் தெரியாது, ஆனால் அவள் அந்த நாற்காலியில் துணி மடித்துப் போடுவதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் மதியம், மண் நிபுணர் எதிரிலேயே, பொறியாளர் போனை எடுத்து எண்களை அழுத்தினார். மண் நிபுணர் எழுந்து நின்று கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். புறப்படத் தயாராகிற மாதிரி.

"ஹலோ," என்றது ஒரு பெண் குரல்.

"அம்மா, நான் பாலங்கள் வாரியத்துல இருந்து பேசறேன். உங்க வீட்டுக்காரர் விஷயமா."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்பட்டது. "சொல்லுங்க, சொல்லுங்க. கிடைச்சிடுச்சா?"

பொறியாளர் வாயைத் திறந்தார். கழுத்தில் தொங்கிய அட்டை மேஜை விளிம்பில் இடித்தது. மகள் பள்ளியில் பாட்டுப் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தாள், காலையில்தான் சொன்னாள்.

"இல்லைம்மா," என்றார். "இந்தத் தடவையும் இரண்டாவதாத்தான் வந்திருக்கார்."

அந்தப் பக்கம் மூச்சு ஒன்று நீளமாக வெளியேறியது.

"சரி. இரண்டாவதுன்னா முதலுக்குப் பக்கத்துலதானே. லெட்டர் எல்லாம் தவறாம வருது, பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்லுங்க. வேலை கிடைச்சாத்தான் பேசுவேன்னு வீறாப்பாப் போயிட்டாரு. கிடைக்கலைன்னாலும் பேசலாம், நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்மா."

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும் அவருக்கு. நிதானமா ஏறச் சொல்லுங்க. நீங்க யாரு தம்பி, அவரோட வேலை பார்க்கறவரா?"

"கூட வேலை தேடறவன்மா."

போனை வைத்தார். மண் நிபுணர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோபமில்லை, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உறையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"பரவாயில்லை தம்பி. பழகிப்போச்சு. அடுத்த நேர்காணல் எப்பன்னு மட்டும் சொல்லுங்க."

ஆறாவது மாடிக் காத்திருப்பு அறைக்குப் போய், வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

ஆக, கணக்கு இப்படி நிற்கிறது. வாரியத்துக்கு விடுப்பெடுக்காத ஓர் அதிகாரியும் அவருக்கு ஓர் உடலும் வரவு. பொறியாளர் வீட்டுக்கு மூன்று அனுமதி அட்டை வரவு. அதில் மகளுக்கு ஒரு பாட்டுப் போட்டி, மனைவிக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கும் பழக்கம். தூரத்தில் ஒரு பெண்ணுக்கு மாதம் ஒரு கடிதமும், நடுவில் ஒரு போனும். ஊர்ப் பாலங்கள் எல்லாம் இப்போதைக்குத் தாங்குகின்றன. எல்லாம் போகப் பொறியாளர் பேரில் நிற்கும் பாக்கி, அந்தப் பெண்ணிடம் சொல்லாத இரண்டே இரண்டு சொல்.